பானைக்குள் வைத்த ஸ்பீக்கர்

விலை குறைந்த பிளேயரில் பாட்டு நன்றாக இருக்காது என்று சொல்கிறவர்களுக்குப் பாட்டு கேட்கத் தெரியாது என்றுதான் சொல்வேன். பிளேயர் ஒரு தப்பும் செய்வதில்லை. சி.டி. தட்டில் இருக்கிற பாட்டை அது ஒழுங்காகத்தான் எடுத்துக் கொடுக்கிறது. அதற்கப்புறம் பாட்டு வெளியே வருகிற வழிதான் மோசம். அந்த வழியைச் சரிபண்ணினால் போதும்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும் மேடம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், என் மதினி சீனித்தாய் செத்த அன்று ஒருத்தருக்குக்கூடவா எதுவும் கேட்கவில்லை என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வழுக்கி விழுந்தாள் என்று ஸ்டேஷனில் நான் சொன்னது பொய். அம்மியில் தலை அடிபட்டது மட்டும் நிஜம். தள்ளியது அவள் புருஷன், என் அண்ணன் யோகராஜ். அவனைப் பற்றி நீங்கள் விசாரித்து முடித்துவிட்டீர்கள். என்னைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

எங்களுடையது ஆடு மேய்த்த குடும்பம். கரிசல் காடு கொஞ்சம் உண்டு, மழை பெய்தால் பருத்தி. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். என்னைப் படிக்க வைத்தது யோகராஜ்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். எட்டயபுரம் சந்தைக்கு வேனில் ஆடு ஏற்றிப் போகிறவன், போகிற இடமெல்லாம் "எந்தங்கச்சி டிகிரி படிக்கா" என்று சொல்லிக்கொள்வான். படித்து முடித்து வந்தவளுக்கு இந்தச் சீமை கொடுத்த வேலை தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது. நான் ஒட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்கு வீட்டில் இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தச் சைனா பிளேயர். அண்ணன் கல்யாணத்தின்போது கோவில்பட்டியில் வாங்கியது. ஒரு தட்டுப் போட்டால் நூற்றுக்கு மேல் பாட்டு பாடும். ஆனால் டிவியில் இருக்கிற ஸ்பீக்கர் வழியாகத்தான் பாடும். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கும்.

அண்ணன் மதினியை முதல் தடவை அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழம்பில் உப்பு கூடிவிட்டது. மதினி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி முத்துசெல்வி, என்னட்டி அங்கன சத்தம்?"

"டிவி அத்தை."

"டிவியில எந்தப் பொம்பளட்டி சீனித்தாய் கொரல்ல அழுதா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் சொன்னான்: "அடுத்த மட்டம் பாட்டப் போட்டு வையி." அவ்வளவுதான் சொன்னான். டிவி ஸ்பீக்கர் போதாது என்று அவன் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்தது நான்.

கோவில்பட்டியில் ராஜமணி அண்ணாச்சி கடையில் ஆம்ப்ளிஃபயர் செய்து தருவார்கள். டிரான்ஸ்ஃபார்மர், போர்டு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கி, முன்னால் மூன்று திருகு வைத்துக் கொடுப்பார். ஒன்றில் சத்தம், ஒன்றில் இடிக்கிற பேஸ், ஒன்றில் கீச்சிடுகிற ட்ரெபிள். பிளேயரின் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வயர் செருகினால் சரி. ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி வேண்டாம், மண்பானை போதும் என்றதும் அவர்தான். எங்கள் பக்கம் நிறையப் பேர் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து முடுக்கினால் பேஸ் வயிற்றில் வந்து இடிக்கும்.

அந்தப் பானையை வாங்கி வந்தது மதினி. கழுகுமலைக்குப் போனவளிடம் சொல்லிவிட்டிருந்தேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்ல சுதி வருகிற பானையைப் பொறுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி காலேஜு, இதுக்குள்ள அரிசி போடுவாவளா, ஆளப் போடுவாவளா? இம்புட்டுப் பெருசா கேட்டிருக்க."

"பாட்டப் போடப் போறேன் மதினி."

"பாட்டு வெந்ததும் எனக்கும் ஒரு கரண்டி ஊத்து." இப்படித்தான் பேசுவாள். என்னைவிட ஒரு வயது இளையவள். எட்டாம் வகுப்பு. பானை உருளாமல் இருக்கப் பழைய சேலையில் பிரிமணை சுற்றிக் கொடுத்ததும் அவள்தான். எதற்கு என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோதும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் டவுன்காரர், தெரியாமல் இருக்கலாம். ஒரு வீட்டில் பாட்டு பெரிதாகக் கேட்டால் அங்கே நல்ல காரியம் என்று அர்த்தம். சடங்கு, நிச்சயதார்த்தம், காதுகுத்து. பாட்டு ஓடுகிற வீட்டில் போய் யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். சத்தத்தைக் குறை என்று சொன்னால் பொறாமைக்காரி என்ற பெயர் வரும். அதனால் செட் பாட ஆரம்பித்ததும் தெரு எங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டது. பெத்தம்மாள்கூட, "கொஞ்சம் கூட்டி வையிட்டி, ஏனம் கழுவுதப்ப நல்லாருக்கு" என்றாள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. பேஸ் எவ்வளவு இடித்தாலும் மதினியின் குரல் அதற்கு மேலே தனியாக வந்தது. நான் படித்தவள், காரணம் தெரியும். பெண் குரல் வேறு அலைவரிசை. கீழே இடிக்கிற சத்தம் மேலே கீச்சிடுகிற சத்தத்தை மூடாது. மறுபடி அண்ணாச்சியிடம் போய், கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கிற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், இரண்டு கேட்டேன்.

"ஏம்மா, பிளேயர் வெலையத் தாண்டி மத்த சாமான் போகுதே. மாப்பிள்ளைய வுட்டுட்டு மாப்பிள்ளைத் தோழனுக்கு நகை போட்டாப்ல இருக்கு."

"பாட்டுல பொம்பளக் கொரல் தெளிவா கேக்கல அண்ணாச்சி."

சரியான பதில்தான் அது. மாட்டிய பிறகு ஒரு நாள், அண்ணன் உள்ளே மதினி மேல் கையை ஓங்கியபோது, பாட்டைப் போட்டுவிட்டு நான் வெளியே போனேன். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். பாட்டு மட்டும்தான் கேட்டது. குடம் நிறைந்தது. வீட்டுக்கு வந்து ட்ரெபிளை இன்னும் ஒரு திருகு கூட்டினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள்.

பிறகு கரண்ட் பிரச்சினை. எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நடுவில் போய்விட்டது. பாட்டு பொட்டென்று நின்றது. மதினியின் குரல் மட்டும் தெருவில் போய் விழுந்தது. அண்ணன் ஓங்கிய கையோடு அப்படியே நின்றான். அப்புறம் கையை இறக்கினான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இன்னொரு நாளும் அப்படியே நடந்தது. தெருவுக்குக் கேட்கும் என்றால் அவன் அடிக்கமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துபோனது. மதினிக்கும் தெரிந்துபோனது. அடி விழும்போது அவள் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபேன் சுற்று குறைந்தால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு தடவை சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி முத்து, நீ படிச்சவதான. கரண்டு எப்பட்டி போவும்னு முன்னாடியே கணக்குப் போட முடியாதா?"

முடியாது மதினி என்றேன்.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவள். பாட்டைப் போட்டவள், பயந்தவள், அண்ணன் சோற்றைத் தின்கிறவள், என்ன செய்வாள் என்று நீங்களும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மதினி வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் அடி வாங்கியது என்று நீங்கள் கேட்கவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குச் சத்தம் போடாமல் வாங்கத் தெரியும். தாவணி முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வேன். காலேஜுக்கு முழுக்கை ஜாக்கெட் போட்டுப் போவேன். மதினிக்கும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு வரவில்லை. "என்னால ஆவாது முத்து, வலிச்சா தொறந்துருது வாயி" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து, கரண்ட் நடுவில் போன அந்த நாள் வரைக்கும், என் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே எனக்கு அது தெரியும். பெண் நல்ல பெண், பேசி முடித்துவிடு அண்ணே என்று சொன்னதும் நான்தான்.

கரண்ட் போகிற நாளில் மதினியை விட்டுவிட்டு வெளியே போகிறவன் திரும்பி வருவான் இல்லையா. கையில் மிச்சம் இருக்கும். "பாட்டு ஏன் நின்னுச்சு?" என்று என்னைக் கேட்பான். கரண்ட் போனால் நான் என்ன செய்ய? ஆனால் அவன் கேட்பான். நான்தான் சத்தம் போடாதவள் ஆயிற்றே, என்னை அடிக்கப் பாட்டு தேவையில்லை.

அவன் வேனில் இருந்து கழற்றிப் போட்ட பேட்டரி மாட்டுக்கொட்டத்தில் கிடந்தது. உயிர் இருந்தது. பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சண்டை போட்டான். சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதற்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் செய்து கொடுத்தார். பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மட்டும் தாங்கும், ஃபேன், லைட்டு போட்டுவிடாதே என்றார். கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது பாட்டு ஒரு சொட்டு இடறும் என்றார். இடறக்கூடாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்படி என்ன அவசரம்மா பாட்டுக்கு?"

"பாதியில அறுந்தா கேக்குதவியளுக்குக் கஷ்டமா இருக்கு அண்ணாச்சி."

மதினியிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை. சாக்குப் போட்டு மூடி, பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். நெல்லு அவிக்கிற வேலையில் இருந்தாள், கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் எதற்கு ஆரம்பித்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. பெரிய காரணம் எதுவும் இருந்திருக்காது. நான் பாட்டைப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்று குறைந்தது. மதினி பார்த்துவிட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உடம்பைத் தளர்த்தி, மறைத்திருந்த கையை எடுத்துவிட்டாள், இனி விழாது என்று. அண்ணனும் பழக்கத்தில் ஒரு கணம் நின்றான். ஃபேன் முழுசாக நின்றது. பாட்டு நிற்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இடறவில்லை.

அவள் நின்றுபோன ஃபேனைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கை திருகின் மேல்தான் இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் தெருவே அவள் குரலைக் கேட்டிருக்கும். அண்ணனும் என்னைத்தான் பார்த்தான், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. நான் திருகினேன் மேடம். குறைக்கிற பக்கம் அல்ல.

அவன் தள்ளுவதற்கு முன்னால் மதினி ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்த்தால் என் பெயர் மாதிரி இருந்தது. கையெட்டும் தூரத்தில் இருந்தாள், ஆனாலும் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது அந்த செட்.