பாறையில் அழித்த கோடு

– அந்தக் கோட்டை அழிச்சது நான்தாம்மா. போதுமா?

– போதாது, பஞ்சநதம் சார். எந்தப் படத்துல இருந்த கோடு, எதுக்கு அழிச்சீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. எங்க அக்கா ஹலீமா எழுதிக்கிட்டு இருக்கா.

– உங்க வயலுக்கு அடியில ஆறாயிரம் அடியில பாறை. அதுல மேல நோக்கி ஏறுற பிளவு ஒண்ணு, கம்பெனிக்கு நான் வரைஞ்ச படத்துல அதுதான் அந்தக் கோடு, புரியுதா? எண்ணெயோட வர்ற உப்புத்தண்ணியை அந்தப் பாறைக்குள்ளயே திருப்பித் தள்ள கம்பெனிக்காரன் அனுமதி கேட்டிருந்தான். பிளவைக் காட்டினா அனுமதி கெடைக்காது. அழிச்சிட்டேன்.

– எழுதிட்டியாக்கா?

– எழுதுறேன் ஷம்சாத். கோர்ட்டுல நின்னு, பாறையில ஒரு கீறல்கூட இல்லைன்னு சொன்னாரே, அதையும் போடவா?

– போடு. எங்க அத்தா காதர் மைதீனைக் கையக் காட்டி, புரளி கிளப்புறவர்னு சொன்னதையும் சேத்துக்க.

– பன்னெண்டு வருஷம் ஆச்சேம்மா. ஆட்சியே மாறிடுச்சு.

– அத்தா நட்ட குறுவையில உப்புப் பூத்து வயலே வெள்ளையா நின்னப்ப எனக்கு இருபது வயசு சார். ஊரைத் திரட்டிக்கிட்டுப் போயி ரோட்டுல உக்காந்தாரு. திருச்சி ஜெயில்ல நாப்பத்தொரு நாளு. வந்தவரு வயப்பக்கமே போகல. நெலத்தைச் செங்கக் காளவாய்க்காரனுக்கு வித்தோம். மறுவருஷம் மவுத்தாயிட்டாரு.

– அதுக்காகத்தான் காலேஜுல என் ஜியாலஜி டிபார்ட்மெண்டுலயே வந்து சேந்தியா?

– வேற எதுக்கு? நீங்க நடத்தின பாடத்தையே படிச்சேன். தண்ணியைத் தள்ளினா பிளவு எவ்வளவு வாயத் தொறக்கும், பாறை எவ்வளவு நெளியும், தண்ணி எது வழியா ஏறும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறதுதான் இப்ப எனக்கு வேலை. புது ஆட்சி வச்ச விசாரணைக் கமிஷன் என்கிட்டதான் கேட்டிருக்கு. நீங்க அழிச்ச கோட்டை மறுபடி வரைஞ்சு மூணு மாசமா ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

– நான் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கலம்மா. பயம். என்ன வந்துச்சு? அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டேன்.

– மொதல்ல இந்த வாக்குமூலத்துல கையெழுத்து.

– இதுல போட்டா என் பென்ஷன் போயிடும். கேஸு வரும். வீட்டுல சௌந்தரநாயகி படுத்த படுக்கையா கெடக்கா, அவளுக்கு நான்தான் எல்லாம்.

– எங்க அம்மாவும் அப்படித்தான் கெடந்தாங்க. கோர்ட்டுல உண்மையைச் சொல்லுங்கன்னு கேக்க அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். உள்ளேர்ந்து ஆளை அனுப்பி வெரட்டி விட்டீங்க.

– அது நீயா?

– நானேதான்.

– கொஞ்சம் தண்ணி குடும்மா.

– இந்தாங்க சார், தண்ணி. குடிச்சிட்டுப் போடுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.

– போடுறேம்மா ஹலீமா. உங்க அத்தா நெலத்தைக் கெடுத்தவன் நான்தான். கண்ணை மூடினா அந்த வெள்ளை வயல்தான் வந்து நிக்குது. எங்க போடணும்?

– மூணு பக்கத்துலயும். தேதியோட.

– போட்டாச்சு. இப்பவாவது சொல்லு ஷம்சாத். எவ்வளவு ஒசரம் ஏறிச்சு?

– கமிஷன்ல தெரிஞ்சுக்கலாம் சார். படி பாத்து எறங்குங்க.

– வர்றேம்மா.

– அப்பாடா, போயிட்டாரு. படியில மூணு எடத்துல உக்காந்து எறங்கித்தான் ஆட்டோவுல ஏறினாரு. இன்னைக்குத்தான் எனக்கு நெஞ்சு ஆறுச்சுடி. நீ ஏன் இப்படி உக்காந்திருக்க ஷம்சாத்?

– கதவைச் சாத்துக்கா.

– சாத்திட்டேன். என்னடி?

– அறுவது தடவை ஓட்டிட்டேன். பிளவை எவ்வளவு தொறந்து விட்டாலும் தண்ணி பாதி வழிகூட ஏறல. மேல களிமண்ணு அடைச்சுக்கிட்டு நிக்குது.

– அல்லா! அப்ப அந்த மனுசன் கெடுக்கலையா?

– கோட்டை அழிச்சாரு. கோர்ட்டுல பொய் சொன்னாரு. வயலைக் கெடுத்தது அவரு இல்ல.

– ஏண்டி அவருகிட்ட சொல்லல?

– சொல்லியிருந்தா ஒரே மூச்சுல எறங்கி ஆட்டோ ஏறியிருப்பாரு. கமிஷன் கூடுறதுக்கு இன்னும் எட்டு நாளு இருக்கு. அது வரைக்கும் அவரு தூங்க வேணாம்.

– எட்டு நாளு கழிச்சு?

– ஓட்டினதைத்தானே சொல்லணும். வேற என்ன சொல்றது?

– அப்ப அந்த உப்பு எங்கேர்ந்துடி வந்துச்சு?

– ஆத்துல தண்ணி வராத அந்த வருஷம் அத்தா நானூறு அடிக்குப் போர் எறக்கி வயலுக்குப் பாய்ச்சினாரேக்கா, அந்த ஆழத்துல கெடந்த பழைய கடல்தண்ணிதான் அது.