இன்ஜினுக்கு ஒரு டிரைவர்

தொடாதீங்க, தொடாதீங்க! கைய எடுங்க சார் முதல்ல. இன்ஜின்ல பெயின்ட் இன்னும் காயல. பாக்கறதுக்குக் காஞ்ச மாதிரிதான் இருக்கும், விரல் பட்டுச்சுன்னா ரேகை அப்படியே பதிஞ்சிரும். அப்புறம் நான் மொத்தத்தையும் உரிச்சுட்டு மறுபடி அடிக்கணும். உக்காருங்க. அந்த ஸ்டூல்ல இல்ல, அதுல பசை கொட்டியிருக்கு. இந்த நாற்காலில. பையக் கீழயே வைங்க, ஒண்ணும் ஒட்டிக்காது. பெருக்கித்தான் வெச்சிருக்கேன், டாக்டர் வர்றாரேன்னு.

என்ன சுத்திச் சுத்திப் பாக்கறீங்க? கட்டில் எங்கன்னா? தூக்கிட்டேன். நான் ஹால்ல படுத்துக்கறேன், இந்த ரூம் முழுக்க ரயிலுக்குத்தான். உங்க வீட்டம்மா சொல்லியிருப்பாங்களே, அந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ளயவிட பொம்ம ரயில்தான் பெருசுன்னு. சொல்லாமயா இருந்திருப்பா? இருந்திருப்பாங்க. பாருங்க, இன்னும் வாய்ல அவ இவன்னே வருது. மன்னிச்சுக்குங்க. மன்னிக்கலேன்னாலும் ஒண்ணும் இல்ல.

ஆமா, நான்தான் வரச் சொன்னேன். தனியா வாங்கன்னும் நான்தான் சொன்னேன். பாப்பா ஸ்கூல்ல இருக்கற நேரமாப் பாத்து, கடைல அரை நாள் லீவு சொல்லிட்டுத்தான் கூப்பிட்டேன். எதுக்குன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. நீங்க எதுக்குன்னு நெனச்சு வந்திருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழம விஷயம். பாப்பாவ நீச்சல் கிளாஸ்ல சேக்கறோம், அது ஞாயித்துக்கிழமதான் இருக்கு, அதனால இனிமே மாசத்துக்கு ஒரு தடவ அங்க அனுப்பறோம்னு போன்ல கேட்டாங்க. கேட்டாங்க என்ன கேட்டாங்க, சொன்னாங்க. நான் தெரியாமத்தான் கேக்கறேன், வாரத்துல மத்த நாள்லாம் அந்தக் குளத்துல தண்ணி வத்திப் போயிடுதா?

சனிக்கிழமயா? சனிக்கிழம எனக்குக் கடை இருக்கு சார். கண்ணாடிக் கடைல லென்ஸ் தேய்க்கறவனுக்கு ஞாயித்துக்கிழம ஒண்ணுதான் லீவு. அது உங்க வீட்டம்மாவுக்கு நல்லாத் தெரியும். அந்த ஒரு நாளுக்குத்தான் நான் மீதி வாரத்த ஓட்டறேன். அதையும் பிடுங்கிட்டா எப்படி?

போன் அடிக்குது, எடுங்க. அவங்கதானே? எடுத்துச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு பேரும் அடிச்சுக்கலன்னு. எடுக்கலையா? உங்க இஷ்டம்.

இந்த வேகன் ஞாபகம் இருக்கா? எப்படி மறக்கும். நிலக்கரி வேகன். இதெல்லாம் கடைல இருந்து வர்றப்போ சோப்பு டப்பா மாதிரி பளபளன்னு வரும். நெஜ வேகன் அப்படியா இருக்கும்? வெயில்லயும் மழைலயும் நின்னு, துருப்பிடிச்சு, ஆளுங்க ஏறி மிதிச்சு, அது ஒரு கோலத்துல இருக்கும். அதனால நாங்க இத அழுக்காக்குவோம். சிரிக்காதீங்க, வேலையே அதுதான். கறுப்பு பெயின்ட்ட தண்ணியாக் கரைச்சு இண்டு இடுக்குல எல்லாம் ஓட விடணும். சாக்பீஸ் பொடிய நெறம் கலந்து துரு மாதிரித் தடவணும். நெஜக் கரியையே சுத்தியால ஒடச்சு, சலிச்சு, உள்ள ஒட்டியிருந்தோம். கதவுக் கொண்டிகிட்ட மட்டும் பெயின்ட் கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருக்கணும்ப்பா, அங்கதானே கை படும்னு சொன்னது பாப்பா. எனக்குக்கூடத் தோணல. எத்தன ஞாயித்துக்கிழம உக்காந்து பண்ணோம் தெரியுமா!

அத உங்ககிட்ட காட்டணும்னு ஆசையா உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா. நீங்க என்ன பண்ணீங்க? ஐயோ, புள்ளையோட பொம்ம இவ்ளோ அழுக்கா இருக்கேன்னு, பாத்திரம் தேய்க்கற சோப்பப் போட்டு, பழைய பிரஷ்ஷால தேய் தேய்னு தேச்சு, துண்டுல தொடச்சு, அவ டேபிள்ல கொண்டுபோய் வெச்சுட்டீங்க. பல்லு டாக்டராச்சே, கறையக் கண்டா கை சும்மா இருக்குமா?

நல்ல மனசோடதான் பண்ணீங்க, சரி. நல்ல மனசோட பண்ணா போன துரு திரும்பி வந்துருமா?

சரி, அவ அழுதிருப்பான்னு நெனச்சேன். அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும்னுகூட நெனச்சேன், உங்ககிட்ட என்ன ஒளிவு மறைவு. அடுத்த வாரம் வந்தா. வேகன எடுத்து இதே மேசைல வெச்சா. பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த மனுஷனுக்கு அறிவு இருக்கான்னு ஆரம்பிக்கறேன், ஓடி வந்து என் வாயப் பொத்தறா. திட்டாதீங்கப்பா, அவருக்குத் தெரியாதுல்ல, அவரு பாவம்ங்கறா. பாவமாம்! நீங்க! சொந்தமா கிளினிக்கு, வாசல்ல காரு, வீட்டுக்குள்ள என் பொண்டாட்டியா இருந்தவ, என் பொண்ணு. நீங்க பாவம்னா நான் யாரு சார்?

இல்ல, நீங்க பேசாதீங்க. நானே பேசி முடிச்சிடறேன். இல்லேன்னா எனக்குச் சொல்ல வந்தது வராது.

அதோட விட்டாளா? இன்னொரு நாள் உங்க கிளினிக்ல இருந்து ஒரு கம்பி கொண்டு வந்தா. பல்லு சுரண்டற கொக்கி. பழசாப் போச்சுன்னு தூக்கிப் போட இருந்தீங்களாம், இந்தாங்கப்பா, உங்களுக்கு ஒதவும்னு டாக்டர் குடுத்தாருன்னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! டிராயர்ல போட்டு டபார்னு மூடிட்டேன். யாருக்கு வேணும் உங்க ஓட்டை ஒடசல்?

அப்புறம் என்ன, எடுத்தேன். இந்த இன்ஜின் பக்கவாட்டுல கைப்பிடிக் கம்பி ஓடுது பாருங்க. பாருங்க, தொடாதீங்க. கம்பெனிக்காரன் இத உடம்போட ஒட்டின மாதிரி பிளாஸ்டிக்லயே வார்த்து அனுப்புவான். தடிமனா, அசிங்கமா இருக்கும். அத பிளேடால சீவிட்டு, பொடிப்பொடியாத் துளை போட்டு, மெல்லிசான பித்தளைக் கம்பிய வளைச்சு சொருகணும். சீவுன எடத்துல மேடு தெரியக் கூடாது. அதச் சுரண்ட என்கிட்ட இருந்த எதுவும் சரிப்படல. உங்க கொக்கிதான் சரியா வந்துச்சு. நல்ல கொக்கி. அதுக்கும் சேத்துத்தான் உங்க மேல கோவம்.

தண்ணி வேணுமா? அந்தப் பாட்டில்ல இருக்கு. அது இல்ல, அது பெயின்ட் கரைக்கற தின்னர்! நல்ல ஆளு போங்க. குடிச்சு வெச்சீங்கன்னா நான்தான் வேணும்னே ஊத்தினேன்னு சொல்லுவாங்க. பக்கத்துல இருக்கறது.

இந்த இன்ஜின் அவளோடது. கேட்டலாக்ல பாத்து அவளே எடுத்தது. டீசல் வாங்கலாம், வேலை கம்மின்னு சொன்னேன். இல்லப்பா, புகை வர்ற இன்ஜின்தான் வேணும்னுட்டா. புகைபோக்கியச் சுத்தி கரி அடிச்சது அவ. சக்கரத்துகிட்ட எண்ணெய் கசிஞ்ச மாதிரி இருக்கே, அதுவும் அவதான். கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு, நான் சரி பண்ணல, அப்படியே விட்டுட்டேன். எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். பாக்கி டிரைவர் மட்டும். இந்த மாதிரி இன்ஜின்ல ஓட்டறவரு நிக்கற எடம் தொறந்தே இருக்கும். ஆள் இல்லாம ஓட விட்டா பேய் ஓட்டற மாதிரி இருக்கும்.

ஆளுங்க இப்படித்தான் வருவாங்க, இந்த டப்பால. சுண்டுவிரல் நகத்தவிட கொஞ்சம் பெருசு. வெள்ளையா, மூஞ்சி ஒண்ணும் இல்லாம. நாமதான் சட்டை, முடி எல்லாம் போடணும். போன ஞாயித்துக்கிழம ஒருத்தர எடுத்து அவ கைல குடுத்து, இவரு யாரு மாதிரி இருக்கணும் பாப்பான்னு கேட்டேன். என்ன பதில எதிர்பாத்துக் கேட்டிருப்பேன்னு உங்களுக்குச் சொல்லணுமா? என்னோட இந்த முன் வழுக்கைக்கு எந்த நெறத்தோட எதக் கலக்கணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன் சார்.

டாக்டர் மாதிரிங்கறா.

ஆமா, நீங்கதான். வேற எந்த டாக்டர எங்களுக்குத் தெரியும்? எதுக்குடி அவருன்னேன். ஞாயித்துக்கிழமையானா நான் இங்க வந்துடறேன், அவரு அங்கயே இருந்துடறாருல்ல, அதான் இங்க ஒரு குட்டி டாக்டர்ங்கறா. சரின்னு விட்டிருக்கலாம். முடியல, கேட்டுட்டேன். அப்ப நான்? அவ என்னய ஒரு மாதிரிப் பாத்தா, என்ன இந்த அப்பாவுக்கு இதுகூடத் தெரியலையேங்கற மாதிரி. நீங்கதான் முழுசா இங்கயே இருக்கீங்களேப்பா, உங்கள எதுக்குக் குட்டியா செய்யணும்னா.

அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். உங்க மூஞ்சி எனக்குச் சரியாத் தெரியாது. அவள எறக்கி விட வர்றப்போ கார் கண்ணாடி வழியாப் பாத்ததுதான். ஒழுங்காப் பாக்கணும்னு எனக்கு ஆசையும் இல்ல. போட்டோ கேட்டிருக்கலாம், போட்டோல நெறம் ஏமாத்தும். சட்டை வெளிர் நீலம், கண்ணாடி கண்டிப்பா வேணும்னு சொல்லியிருக்கா. இந்த அளவுல கண்ணாடி வரையறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. போடறேன். கோவத்துல கோணலாப் போட்டுட மாட்டேன், கவலப்படாதீங்க. அவ லென்ஸ் வெச்சுப் பாப்பா.

நீச்சல் கத்துக்கட்டும் டாக்டர், நான் வேணாங்கல. ஆனா மாசத்துக்கு ஒரு தடவன்னு ஆக்கிட்டீங்கன்னா, உங்க வீட்டு டேபிள்ல வெக்கறதுக்குக் குட்டி அப்பா ஒண்ணு வேணும்னு கேப்பா. அத நான்தான் செஞ்சு குடுக்கணும். எனக்குக் கை வராது. கேக்காமயே இருந்துட்டாளோ, அது இன்னும் பயம்.

சரி, போதும். வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். ஆடாம இருங்க, மீசைல எவ்ளோ நரை இருக்குன்னு பாக்கணும்.