ஏழு முறை திருப்பிய கோப்பு

ஒன்பது மணிக்கு முன்பே ஆபீசுக்கு வந்துவிடுவது என் பழக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

எங்கள் தேசியத் தேர்வு மற்றும் தகுதி ஆணையம் என்றால் ஜனங்களுக்குப் பரீட்சை ரிசல்ட் மட்டும்தான் ஞாபகம் வரும். வெளிநாட்டில் வாங்கிய பட்டம் இங்கே செல்லுமா என்று பார்த்துச் சான்று தருகிற எங்கள் பிரிவை ஒருவரும் சீண்டுவதில்லை. மருத்துவப் பட்டங்கள் என் மேசைக்கு வரும். சந்தேகம் இருந்தால் குறிப்பு எழுதித் திருப்புவேன். பதில் வந்ததும் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போகும், மறுபடி முன்னால் வர ஒரு வருஷம் பிடிக்கும். அது நான் போட்ட சட்டமில்லை.

அந்தப் பல் மருத்துவரின் கோப்பை ஏழு முறை திருப்பினேன். பாடநேரம் போதவில்லை என்று ஒரு முறை, முத்திரை மங்கல் என்று ஒரு முறை. ஒரு முறை மதிப்பெண் தாள் இணைக்கவில்லை என்று எழுதினேன். இணைத்திருந்தாள். நான்தான் எடுத்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் அவளுடைய அப்பா பெயர்தான் இருந்தது. அவள் என் மனைவி என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. மருத்துவக் கோப்புகளைப் பார்ப்பது வேறொருவர் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

முறைக்காதீர்கள் சார். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாயைத் திறந்தால் கிளினிக் பேச்சுதான். ஒருநாள் சாப்பிடும்போது என் அக்கா, "டாக்டரம்மா சம்பாதிக்க ஆரம்பிச்சா தம்பி வீட்ல பாத்திரம் கழுவ வேண்டியதுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒவ்வொரு முறையும் ஆணையத்தின் கடிதம் வந்ததும் அழுவாள். "விடும்மா, நான் எழுதித் தர்றேன்" என்று பதிலையும் நானே உட்கார்ந்து எழுதித் தந்தேன். எத்தனை புருஷன் அப்படிச் செய்வான்? "நீங்க இல்லன்னா நான் என்னங்க பண்ணுவேன்" என்பாள். கேட்கும்போது எனக்கு வயிறு நிறைந்துபோகும்.

போன மாதம் புதிய கம்ப்யூட்டர் முறை வந்தது. குறிப்பு எழுதிய அதிகாரி யார் என்பதை விண்ணப்பதாரருக்கும் காட்டிவிடுகிறது. ஏழு இடத்திலும் என் பெயர். அதைப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷமா உங்க தோள்லயே சாஞ்சு அழுதிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். தோழி வீட்டுக்குப் போய் உங்களுக்குப் புகார் எழுதினாள்.

செய்தது நான்தான். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பட்டம் வாங்கிப் பத்து வருஷத்துக்குள் சான்று கிடைக்காவிட்டால் அது இங்கே செல்லாது. அவளுக்கு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு பத்து வருஷம் முடிகிறது. உங்கள் அறிக்கை வந்த பிறகுதான் அவள் கோப்பு நகரும்; அதை அடுத்த மாதம் ஒன்றாம் தேதி கொடுத்தால் போதும். அப்புறம் அவளுக்குப் போக்கிடம் ஏது, வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை.