ஐஸில் வைத்த ரத்தம்

ஃபிரிட்ஜில் வைத்தால் எதுவும் கெடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மீனுக்கும் பாலுக்கும் அது சரி. பரிசோதனைக்குக் குழாயில் எடுத்த ரத்தத்துக்குப் பொருந்தாது. இதைக் கொஞ்சம் விளக்கினால் மீதியும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒவ்வொரு சிவப்பணுவின் சுவரிலும் சின்னச் சின்னப் பம்புகள் இருக்கின்றன. பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைப்பது அவற்றின் வேலை. குளிரில் அவை ஓய்ந்துபோகும். பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். ரத்தத்தின் நிறம் மாறாது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோதிக்கும் மெஷின் மட்டும் பொட்டாசியம் கூடுதல் என்று எண் கொடுக்கும். எனக்கு இது எப்போதுமே அழகான விஷயமாகத் தோன்றும்.

ரெங்கம் பக்கத்தில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் முன்பு முழு லேப் இருந்தது. பிறகு சின்ன லேப்களை எல்லாம் ஒன்றாக்கி, தனியார் நிறுவனம் ஒன்றோடு கூட்டாக ஜேபி நகரத்தில் பெரிய லேப் திறந்தார்கள். எங்கள் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னோடு வேலை செய்த பேட்ரிசியாவையும் அங்கேயே மாற்றினார்கள். ரத்தம் எடுத்த குழாய்களைப் பெட்டியில் அடுக்கி மதிய வேனில் ஏற்றும் வேலை எனக்கு மிஞ்சியது.

"அலமாக், கால்வின்! இப்ப நீ டெஸ்பாட்ச் பையனா லா?" என்று பேட்ரிசியா ஃபோனில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

காலையில் எடுத்த குழாய்களில் சிலவற்றை, வேன் வரும்வரை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைக்க ஆரம்பித்தேன். ஜேபி லேபின் எண்களை யாரும் நம்பாமல் போனால் மெஷின் திரும்பி வரும் என்று நினைத்தேன். இல்லாத கூடுதல் பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் கொடுத்ததில் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தது. பிழைத்துக்கொண்டார். டாக்டர்களும் பழகிக்கொண்டார்கள். பொட்டாசியம் கூடுதல் என்று வந்தால், வேனில் கெட்டுப்போன ரத்தம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

சந்தனசாமி அங்கிள் வந்தது டுரியான் காலத்தில். சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் உட்காருபவர். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவர் உடம்பால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. டுரியானில் அது நிறைய உண்டு.

"கால் ரெண்டையும் தூக்க முடியல தம்பி."

"டுரியான் சாப்பிட்டீங்களா, அங்கிள்?"

"ரெண்டே சுளை. டயாலிசிஸுக்கும் டிமிக்கி கொடுத்துட்டேன். எவ்லின்கிட்ட சொல்லிடாத, கொன்னுடுவா."

எவ்லின் அவர் மகள். சொல்லமாட்டேன் என்றேன். நான் அவளிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுபவன் நான்.

அவருடைய குழாயை ஐஸில் வைக்கவில்லை. தெரிந்த மனிதர். முறைப்படி அனுப்பினேன்.

மாலையில் டாக்டர் ரூபேந்திரன் அழைத்தார்.

"அண்ணே, சந்தனசாமிக்கு பொட்டாசியம் எட்டு காட்டுது. இதுவும் வேன்ல கெட்டதுதானா?"

எட்டு என்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த எண் உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் இது மட்டும் எப்படிச் சரி என்று அவர் கேட்பார். மற்றவை ஏன் தவறின என்பதையும் நான் சொல்ல வேண்டிவரும்.

"அப்படித்தான் இருக்கும் டாக்டர். இன்னொரு தடவ எடுங்க, நாளைக்கு வேன்ல அனுப்பிடலாம்," என்றேன்.

விடிவதற்குள் அங்கிள் இறந்துவிட்டார்.

விசாரணையில், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவில்லை என்று டாக்டர் மேல் பழி விழுந்தது. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், அது நியாயமான பேச்சுதான். எவ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நம்ம லேப் இங்கயே இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு, அண்ணே."

அதையே ஆஸ்பத்திரி மேலதிகாரிகளிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். போய்ச் சொன்னாள். மெஷின் திரும்பி வந்தது.

என்னை விசாரிக்க நீங்கள் வந்தபோது அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். குழாய்களை ஐஸில் வைத்தது நான்தான். டாக்டரிடம் பொய் சொன்னதும் நான்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கிளின் எண்ணில் ஒரு தவறும் இல்லை. அவருக்கு நான் என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன்.