அறுபதாவது விமானம்

எனக்கு எப்போதும் நடைவழி ஓர இருக்கைதான். மேகத்தைப் பார்த்து எனக்கென்ன ஆகப்போகிறது? காலடியில் பெட்டி பத்திரமாக இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகு ஹாம்பர்க்கில் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் தானமாகத் தரும் எலும்பு மஜ்ஜையைக் குளிர்பெட்டியில் வைத்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நோயாளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் தங்க அட்டையை ஒன்பது வருடமாக வைத்திருந்தேன். விமானத்தில் ஏறியதும் "வாங்க, ப்ரோடர்சன் சார்" என்பார்கள். வீட்டில் அப்படிக் கூப்பிட ஆளில்லை.

போன வருடம் விமான நிறுவனம் விதியை மாற்றியது. பறந்த தூரம் இனிச் செல்லாது. வருடத்துக்கு அறுபது முறை அவர்கள் விமானத்தில் ஏறியிருந்தால்தான் தங்கம். டிசம்பர் 29 காலை என் கணக்கில் ஐம்பத்தெட்டு. அன்றுதான் நார்வேயில் இருக்கும் பெர்கனுக்கு ஒரு பெட்டி வந்தது. நேர் விமானம் வேறு நிறுவனத்துடையது. அதில் இடமில்லை என்று அலுவலகத்தில் சொல்லி, கோபன்ஹேகன் வழியாக இரண்டு விமானம் போட்டுக்கொண்டேன். இடம் இருந்தது.

கோபன்ஹேகனில் பனி கொட்டி, என் அடுத்த விமானம் ரத்தானது. பயணச்சீட்டு மேசையில் இருந்த மேட்டே பெட்டியைப் பார்த்தாள்.

"உள்ள என்ன சார், கிறிஸ்துமஸ் வாத்தா?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அய்யோ. பக்கத்துக் கம்பெனி விமானம் ஒரு மணி நேரத்துல கிளம்புது. அதுல இடம் பிடிச்சுத் தர்றேன்."

"அது என் கணக்குல ஏறுமா?"

"ஏறாதே சார்."

எங்கள் விமானத்துக்கே காத்திருக்கிறேன் என்றேன்.

பக்கத்துக் கம்பெனி விமானம் கிளம்புவதற்குள் பெர்கனிலிருந்து டாக்டர் ஸோல்வெய் போன் செய்தார். "நோயாளி ரக்ன்ஹில்டோட மஜ்ஜைய மருந்து கொடுத்து மொத்தமா அழிச்சாச்சு. உங்க பெட்டிய விட்டா அவங்களுக்கு வேற வழியே இல்ல. எப்படியாவது வந்துடுங்க."

விமானமே இல்லை என்றேன். பொய்தான். ஆனால் பதமாகச் சொன்னேன்.

மறுநாள் முழுக்க ஓடுபாதை மூடிக் கிடந்தது. பெட்டிக்குள் மஜ்ஜை தாங்குவது நாற்பத்தெட்டு மணி நேரம். அந்தக் கெடு 31 காலை முடிந்தது. என் விமானம் மாலையில் கிளம்பியது. பணிப்பெண் பேர் சொல்லி வரவேற்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மஜ்ஜை பயன்படவில்லை. ரக்ன்ஹில்ட் ஜனவரி பதினோராம் தேதி இறந்தார். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அட்டைப் பைத்தியம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதெல்லாம் தெளிந்துவிட்டது.

இன்று விசாரணைக்கு பெர்கன் வரச் சொன்னீர்கள். நேர் விமானத்தில் இடம் இருந்தது. கோபன்ஹேகன் வழியாகத்தான் வந்தேன். இந்த வருடத்துக்கு இதோடு நான்கு, இன்னும் ஐம்பத்தாறு.