ஒரு டிக், நாற்பத்து மூன்று ஜாதகங்கள்

பூனாவில் நல்ல காப்பிப்பொடி கிடைப்பதில்லை என்று சொல்பவர்கள் சரியாகத் தேடவில்லை என்பது என் கட்சி. மெனக்கெட்டுத் தேடினால் எதுவும் கிடைக்கும். நான் செய்த காரியத்தையும் மன்றத்தின் கமிட்டி இந்த முறையில்தான் பார்க்க வேண்டும்.

என் பெயர் சூர்யநாராயணன். தாபோடியில் ஒரு ராணுவ அலுவலகத்தில், ரகசியக் கோப்புகள் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2004-இல் நம் தமிழ் மன்றம் வரன் பார்க்க இணையதளம் ஆரம்பித்தபோது, அதன் சர்வரை என் பொறுப்பில் விட்டது நீங்கள்தான். பெண்களின் ஜாதகமும் போட்டோவும் கண்டவன் கைக்குப் போகக் கூடாது என்று பொதுக்குழுவில் பேசியதும் நீங்கள்தான்.

சர்வரில் ஒரு செட்டிங் உண்டு. மொத்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே உத்தரவு: மிகக் கண்டிப்பான மறையாக்க முறையில் வரும் இணைப்பை மட்டும் உள்ளே விடு, மற்றதையெல்லாம் வாசலோடு அனுப்பு. இதற்கு ஒரே ஒரு டிக் போட்டால் போதும். அந்த வருஷம் ஜூன் மாதம் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு நான் அதைப் போட்டேன்.

வெளியூர் பிரவுசிங் சென்டர்களில் இருந்த பிரவுசர்களிலும் அந்த முறை உண்டு. ஆனால் முடக்கி வைத்திருக்கும். செட்டிங்கைத் திறந்து, நீளமான பட்டியலின் அடிவரை போய், டிஎல்எஸ் 1.0 என்ற கட்டத்தில் டிக் போட்டால் நம் தளம் திறக்கும். இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கம். மன்றத்துக் கம்ப்யூட்டரில் நானே போட்டு வைத்திருந்தேன். ஆகவே நீங்கள் பார்த்தபோதெல்லாம் ஜோராகத் தெரிந்தது.

இதில் என்ன தப்பு என்று நிதானமாக யோசியுங்கள். ஒரு பட்டியலின் அடிவரை போய்ப் பார்க்கப் பொறுமையில்லாத பையன், கட்டிய பெண்டாட்டியை எப்படி வைத்துக் காப்பாற்றுவான்? கோத்திரம் விசாரிக்கிறோம், சம்பளம் விசாரிக்கிறோம். பொறுமையை விசாரிக்க மட்டும் இத்தனை நாளாக ஒரு ஏற்பாடும் இல்லை. நான் செய்தேன்.

பையன்களின் அப்பாக்கள் போன் செய்தார்கள். திருச்சிக்காரர் ஒருவர் நாலு தடவை செய்தார்.

"சார், பக்கமே வரமாட்டேங்கறது. வெள்ளையா நிக்கறது."

"எங்க பக்கம் ஏக்தம் சரியா இருக்கு. உங்க பக்கம் பாருங்கோ."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பதினெட்டு மாதம் போயிற்று. பதிவேட்டில் பெண்கள் நாற்பத்து மூன்று பேர். வந்த விசாரணை பூஜ்யம். நம் செயலாளர் ஸ்வாமிநாதனின் பெண் ரமாவுக்கு இருபத்தொன்பது முடிந்தது. அவர் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து இருந்து பதினொரு கிலோ இளைத்தார். அவருடைய ரத்த அழுத்தத்துக்கு அது நல்லது என்று கேள்வி. கசார்வாடியில் ஒருவர், பெண்ணுக்கு வரன் வராததற்கு வாஸ்துதான் காரணம் என்று சமையலறையை இடித்துக் கட்டினார். புதிய சமையலறை நல்ல காற்றோட்டமாக இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

என் பெண் ஸ்ரீலக்ஷ்மியின் ஜாதகமும் அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று. இருபத்தேழு வயது, சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். ஊரார் பெண்ணுக்கு ஒரு சட்டம், என் பெண்ணுக்கு ஒரு சட்டம் என்று நான் வைக்கவில்லை என்பதைக் கமிட்டி குறித்துக்கொள்ள வேண்டும். என் மனைவி ருக்மிணி சொன்னாளென்று திருமணஞ்சேரிக்கும் அழைத்துப் போனோம். திரும்பும்போது ரயிலில் ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

ஜோசியரையும் கலந்தோம். "தடை ஒன்பதாம் இடத்துல இருக்கு. பித்ரு ஸ்தானம்" என்றார். அவர் சொல்லை மதித்து, காலஞ்சென்ற என் தகப்பனாருக்கு ராமேஸ்வரத்தில் திதி கொடுத்துவிட்டு வந்தேன்.

தினமும் சாயங்காலம் அவள் ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் ஸ்டாப்பில் நிற்பேன். வீடு வந்து சேரும்வரை ஆபீஸ் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். இதற்கும் டிக்குக்கும் சம்பந்தமில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன மாதம் அவள் ஆபீஸில் சிநேகிதிக்குக் காட்ட நம் தளத்தைத் திறந்திருக்கிறாள். வெள்ளைப் பக்கம் வந்தது. டெஸ்டர் அல்லவா, விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்கு வந்து, உங்கள் எல்லார் முன்னாலும் சர்வரில் உட்கார்ந்து, என் டிக்கைக் கண்டுபிடித்து எடுத்தாள். அடுத்த ஏழு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு விசாரணை வந்தது. ரமாவுக்கு மட்டும் பதினொன்று.

அந்த ஞாயிறு ஸ்ரீலக்ஷ்மியும் நானும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கேட்டாள்.

"அரே, ஒண்ணரை வருஷத்துல ஒருத்தன்கூடவா அந்த டிக்கைப் போடலை, அப்பா?"

"ஒருத்தனும் போடலைம்மா."

"அப்போ பொறுமையைப் பத்தி நீங்க சொன்னது கரெக்ட்தான். எல்லாம் சோம்பேறிகள்" என்று சிரித்து, என் கையைக் கோத்துக்கொண்டாள்.

கமிட்டி கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒருத்தன் போட்டான். சாய்கிருஷ்ணா என்று பெயர், பெங்களூர். 2005 மார்ச்சில், யாரையும் கேட்காமல், பட்டியலின் அடிவரை போய் டிக் போட்டு உள்ளே வந்தான். நாற்பத்து மூன்று ஜாதகத்தையும் பார்த்து ஸ்ரீலக்ஷ்மியுடையதை எடுத்தான். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. என் வீட்டுக்கே போன் செய்தான்.

"சார், செக்யூரிட்டி பிரமாதமா பண்ணியிருக்கேள். பொண்ணு பூனாவை விட்டு வரவேண்டாம். நான் அங்கேயே மாத்தல் வாங்கிண்டு வந்துடறேன்."

அந்த சர்வருக்காக என்னை ஒரு மனிதர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இவன்தான் மாப்பிள்ளை என்று மனதுக்குப் பட்டது. "அவளுக்கு நிச்சயம் ஆயிடுத்தேப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மன்றத்துக்குப் போய் அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அழித்தேன்.

டிக் போட்டது நான். எடுக்காமல் விட்டதும் நான். சாய்கிருஷ்ணாவைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். கமிட்டி என்ன தீர்மானம் போட்டாலும் கட்டுப்படுகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்; ஸ்ரீலக்ஷ்மி கண்ணில் படக் கூடாது. எனக்காகக் கேட்கவில்லை, குழந்தை மனசு தாங்காது.