ஆறாவது டிக்

14.03.2025, வெள்ளிக்கிழமை, மாலை மணி 5.42. கன்வேயருக்குள் கழுவப் போனவர்கள் ஆறு பேர். ஆன்லைன் வேலைப் பலகையில் ‘முடிந்தது’ என்று ஆறு டிக். வெளியே வந்தவர்கள் ஐந்து பேர்.

என் பெயர் ஜேசன், த/பெ கேப்ரியல். வயது 25. இருப்பது செனாவாங். தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் எலெக்ட்ரிக்கல் டெக்னீஷியன்.

அந்தப் பலகையை அமைத்தவன் நான். நிர்வாகம் ஒரே கணக்குதான் வாங்கித் தந்தது. எல்லாரும் என் பெயரில்தான் உள்ளே போகிறோம். ஆலைக்குள் போனுக்கு லைன் கிடைக்காது. ஆகவே உள்ளே இருப்பவர்கள் வாக்கி டாக்கியில் சொல்ல, லாரி நிறுக்கும் அறையில் கணக்கு எழுதும் கிராணி அபிராமி அக்கா கணினியில் டிக் போடுவார். அவர், அன்று உள்ளே போன ஆறு பேரில் ஒருவரான குணாளன் அண்ணனின் மனைவி. முன்பு உள்ளே போகும் ஒவ்வொருவரும் வேறு யாரும் ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போவார். பலகை வந்த பிறகு பூட்டுகள் ஆணியிலேயே தொங்குகின்றன.

அன்று ஷிப்ட் முடியும் நேரத்தில் குணாளன் அண்ணன், “அபி, எனக்கும் சேத்து டிக் போட்டுடுலா. வந்துக்கிட்டே இருக்கேன், பஸ் போயிடும்” என்று வாக்கி டாக்கியில் சொன்னதை, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முருகையா கேட்டிருக்கிறார். நான் இருந்த கண்ட்ரோல் ரூமுக்கு வேறு சேனல், எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு ஆறாவது டிக் விழுந்தது. கழுவியதும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல் சுவிட்சைப் போட்டேன். அதன் பிறகு சத்தம் கேட்டு நிறுத்திவிட்டு ஓடினேன். அண்ணனின் வலது கை தோள்வரை சங்கிலிக்குள் இருந்தது. கீழே கிடந்த வாக்கி டாக்கியில் அக்கா, “எங்க இருக்கீங்க, பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முருகையா அதை அணைத்தார்.

இன்று சனிக்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, டிக்கும் உன் பெயர், சுவிட்சும் உன் கை என்றார். மாலை ஐந்து மணிக்குப் பலகையையே அழிக்கப் போகிறாராம். டிக் எந்தக் கணினியிலிருந்து விழுந்தது என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. அது போனால் நான் மாட்டுவேன். இருந்தால் அக்கா மாட்டுவார். எப்படி யோசித்தாலும் மூன்றாவது வழி எதுவும் இல்லை.

அதன் பிறகு சிரம்பான் மருத்துவமனைக்குப் போனேன். ஆபரேஷன் அறை வாசலில் அக்கா, “அவரு வெளிய வந்தத பாக்காம நீ ஏன்பா போட்ட?” என்று கேட்டார். அவருக்கு டிக் என்றால் ஷிப்ட் கணக்கு, அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் சுவிட்ச் போடுகிறோம் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. அங்கிருந்து நேராக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. இனி நான் செய்யப் போவது:

1. என் போனையும் பலகையின் பாஸ்வேர்டையும் இதை எழுதிய போலீஸ் சார்ஜனிடம் இப்போதே கொடுப்பேன். ஐந்து மணிக்குள் நகல் எடுத்தாக வேண்டும். நேரம் ஓடுகிறது.
2. பூட்டுகளை ஆணியிலிருந்து எடுத்து மெயின் சுவிட்சில் போடச் சொல்லி முருகையாவுக்குப் போன் செய்வேன்.
3. மருத்துவமனைக்குத் திரும்பிப் போவேன். ஆபரேஷன் முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன். முடிந்ததும், நீங்கள் விசாரிக்க வருவதற்கு முன், அந்த டிக்கைப் பார்த்துத்தான் சுவிட்சைப் போட்டேன் என்று அக்காவிடம் நானே சொல்வேன்.

(ஒப்பம்) ஜேசன்